வலது நெற்றிப்பொட்டில் ஒரு மாத்திரை

நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து "அசையாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அரை நிமிஷம் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், மூளையைப் படம் பிடிக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷமாக மெஷினை ஓட்டுகிறவள் அவள். வாட்டசாட்டமான உடம்பு, வயது நாற்பத்து மூன்று, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எந்நேரமும் திருகிக்கொண்டிருக்கும் விரல்கள். மேல்மாடி வரைக்கும் அவளுக்கு "அசையாதக்கா" என்றுதான் பெயர். உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே இரண்டு நிமிஷம் யோசனை வேண்டும்.

பிறவியிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பரீட்சையை முதல் ஆளாக முடித்து எழுந்து வந்துவிடுவாள். கடைசிக் கேள்வி பின்பக்கத்தில் இருந்தது வெளியே வந்த பிறகுதான் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரச் சொன்னபோது நாலு தடவை எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிக் குறைத்துவிட்டு வந்தாளாம். "மின்சார வேலை தெரிஞ்ச பொண்ணு போலிருக்கு" என்று நினைத்துத்தான் சம்மதம் சொன்னதாக வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபது பிள்ளைகள் பின்னால் கத்தினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். இந்த நிதானத்துக்கும் அந்தப் பரபரப்புக்கும் எப்படிப் பொருந்தியது என்று அவர்கள் மகளே கேட்டிருக்கிறாள். "ஒருத்தர் ஓடணும், ஒருத்தர் வண்டியை நிறுத்தணும்ல" என்பது அப்பாவின் பதில்.

படிப்பை முடித்ததும் முதலில் எக்ஸ்ரே பிரிவில் பத்து வருஷம் இருந்தாள். அது அவளுக்கென்றே செய்த வேலை. ஒரு கை, ஒரு கால், ஒரு நெஞ்சு, அடுத்த ஆள் வா. ஆளை நிறுத்து, மூச்சை அடக்கச் சொல், பொத்தானை அழுத்து. ஒரு நாளைக்கு எண்பது பேர் வந்தாலும் சளைக்க மாட்டாள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் பேராசிரியை கீழே கூட்டிக்கொண்டு வந்தார். பேராசிரியைக்கு அறுபது வயது இருக்கும், மெல்லிய குரல், எதையும் இரண்டு முறை யோசித்துத்தான் பேசுவார். மனிதன் பேசும்போது, யோசிக்கும்போது, ஒரு சொல்லைத் தேடும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. வேலை செய்கிற இடத்துக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அந்தச் சின்ன வித்தியாசத்தை மெஷின் பிடித்துக் கொடுக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு மணி நேரம்! உள்ளே ஒருவர் படுத்திருப்பார், மெஷின் டடக் டடக்கென்று இடித்துக்கொண்டிருக்கும், இவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் மாசம் பைத்தியம் பிடிக்காத குறைதான். பென்சில்களை எல்லாம் சீவி முடித்தாள். அலமாரியை மூன்று தடவை அடுக்கினாள். பிறகு கைக்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் பதினெட்டுக் கட்டங்கள். சாவி எடுத்தாச்சா, காதுக்கு அடைப்பு வைத்தாச்சா, பயந்தால் அமுக்கிக் கூப்பிடக் கையில் அவசரப் பந்து கொடுத்தாச்சா, வலது நெற்றிப்பொட்டில் மாத்திரை ஒட்டியாச்சா, இப்படி. எப்படியும் எல்லாம் செய்யத்தான் போகிறோம், எல்லாவற்றுக்கும் 'சரி' போடத்தான் போகிறோம் என்று அன்றன்றைக்கு வருகிறவர்களின் படிவங்களைக் காலையிலேயே எடுத்துவைத்து மளமளவென்று 'சரி' போட்டுத் தள்ளிவிடுவாள். ஆறு வருஷமாக இதுதான் பழக்கம். யாரும் கேட்டதில்லை, அவளுக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணெய் மாத்திரை, மஞ்சளாக வழவழவென்று இருக்கும். விழுங்குவதற்கு அல்ல. பிளாஸ்திரி போட்டு வலது நெற்றிப்பொட்டில் ஒட்டிவிட்டால் படத்தில் முத்து மாதிரி வெள்ளையாகத் தெரியும். எதற்கு என்றால், மனிதன் தலை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. படம் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும்போது சில நேரம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகிவிடும். அப்படி ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. முத்து இருக்கிற பக்கம் வலது என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. ஆளுக்கு ஒரு மாத்திரை, பேராசிரியையின் சட்டம்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் மேலே இருந்து நோயாளிகளையும் அங்கே அனுப்புவார்கள். அந்தத் திங்கள்கிழமை அப்படி வந்தவர் சந்தையில் ஏலம் போடுகிறவர். ஐம்பது வயதுக்குக் குரல் மட்டும் இருபத்தைந்து. தாழ்வாரத்தில் காத்திருந்த அரைமணி நேரத்தில் அங்கே இருந்த நாற்காலிகளை ஏலம் போட்டு எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டார். இடது கைக்காரர், பேசும்போது அந்தக் கைதான் காற்றில் பறக்கும். மூன்று வருஷமாக வலிப்பு. மாத்திரைகள் எதற்கும் கேட்கவில்லை. வலிப்பு மூளையின் இடப்பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்று தலையில் கம்பிகள் வைத்துப் பார்த்ததில் தெரிந்திருந்தது. சாதாரணப் படத்தில் அந்த இடம் கொஞ்சமும் தனித்துத் தெரியவில்லை. வியாழக்கிழமை ஆப்பரேஷன். இடப்பக்கத்தில் எவ்வளவு வெட்டி எடுக்கலாம் என்பது ஒரே ஒரு கேள்வியில் நின்றது: இந்த மனிதருக்குப் பேச்சு எந்தப் பக்கம்? முக்கால்வாசிப் பேருக்கு இடது. ஆனால் இடது கைக்காரர்களில் சிலருக்கு வலதிலும் இருக்கும். வலதில் இருந்தால், மயக்கம் கொடுத்து இடப்பக்கத்தில் தாராளமாக எடுத்துவிடலாம், வலிப்பும் ஒழியும். இடதில் இருந்தால் ஆளை விழித்திருக்கவைத்து, பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, விரற்கடை விரற்கடையாகத்தான் போக முடியும்.

"தங்கச்சி, உள்ள போனா பேசவே கூடாதா?" என்றார் ஏலக்காரர்.

"மனசுக்குள்ள பேசிக்குங்க. படம் வரும், அதோட பேரை மனசுக்குள்ள சொல்லணும். வாய் அசைஞ்சா தலை அசையும், தலை அசைஞ்சா படம் கெட்டுப் போயிரும்."

"மனசுக்குள்ள பேசி எனக்குப் பழக்கமே இல்லையே! எனக்கு எல்லாமே வெளியதான்."

முந்தின வாரம் வலிப்பு வந்து விழுந்ததில் அவருடைய வலது நெற்றிப்பொட்டில் சிராய்ப்பு. நாலு தையல், மேலே கட்டு. மாத்திரையை அங்கே ஒட்ட முடியாது. இவள் அதிகம் யோசிக்கவில்லை. இடது பக்கம் ஒட்டினாள், படிவத்தில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், தலைக்கூண்டை மாட்டினாள். மெஷினுக்குள் போனதும் அவர் அவசரப் பந்தை மூன்று தடவை அமுக்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஓடி, வெளியே இழுத்து, தேற்றி, மறுபடி உள்ளே தள்ளி, ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமானது. அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றார். எழுத வேண்டிய வரி எங்கே போனதோ போய்விட்டது.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் வெடித்தது.

அவளோடு சாப்பிட உட்கார்ந்தவள் படக்காரி. மெஷின் தருகிற கணக்குகளைச் சிவப்பும் மஞ்சளுமாக மூளைப் படமாக மாற்றித் தருவதால் அந்தப் பெயர். முப்பது வயது, வேலையில் அப்படி ஒரு சுத்தம், ஒரு புள்ளி பிசகவிட மாட்டாள். அக்கா அக்கா என்று இவளிடம் உயிராக இருப்பவள்.

"அக்கா, உங்க ஏலக்காரருக்குப் பேச்சு வலது பக்கம்க்கா. நேத்தே மேல சர்ஜனுக்கு அனுப்பிட்டேன். அதிர்ஷ்டக்காரர்."

"அட, நல்லதாப் போச்சு."

"ஆனா ஃபைல் கொஞ்சம் படுத்திடுச்சு. மாத்திரை இடது பக்கம் தெரிஞ்சுது. சரி, மாத்தும்போது திரும்பியிருக்கும்னு நினைச்சேன். எதுக்கும் உங்க படிவத்தைப் பாத்தேன். வலதுன்னு 'சரி' போட்டிருந்தீங்க. அப்புறம் என்ன, நான் படத்தைத் திருப்பிட்டேன்."

இவள் வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது. தையல், கட்டு, பிளாஸ்திரி எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தன. ஃபைல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மாத்திரைதான் பக்கம் மாறி இருந்தது. படக்காரி ஒழுங்கான வேலைக்காரி, ஒழுங்காகச் சந்தேகப்பட்டு, ஒழுங்காகச் சரிபார்த்து, ஒழுங்காகத் தப்பாகத் திருப்பிவிட்டாள். சரிபார்த்தது எதை வைத்து? காலை எட்டரை மணிக்கு, அந்த மனிதர் முகத்தையே பார்ப்பதற்கு முன்னால், இவள் போட்டுவைத்த 'சரி'யை வைத்து.

"என்னக்கா, காரமா?"

"ஒண்ணுமில்லை. தண்ணி எடுத்துட்டு வரேன்."

எழுந்து போனவள் தண்ணீர் எடுக்கவில்லை. தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். இடது பக்கம் ஒட்டினேனா? ஒட்டினேன். நிச்சயமா? ஒரு நாளைக்கு ஆறு தலை, எந்தத் தலையில் எதை ஒட்டினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? ஒருவேளை கட்டை ஒதுக்கிவிட்டு வலதிலேயே ஒட்டியிருந்தால்? அப்படியானால் படக்காரி திருப்பியதுதான் சரி. நாம் வாயைத் திறந்து, இருக்கிற நல்லதையும் கெடுத்துவிட்டால்? இன்னொரு பக்கம் வேறு பயம். வாயைத் திறந்தால் முதல் கேள்வி என்ன வரும்? 'அப்போ படிவத்தில் ஏன் வலது என்று போட்டாய்?' அதற்குப் பதில் சொன்னால் ஆறு வருஷமும் வெளியே வந்துவிடும். வேலை போகும். மகளின் படிப்பு பாதியில் நிற்கும். இவ்வளவையும் நினைத்தாள்; நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். பிள்ளைகளை ஏற்றுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வழக்கம்போல முழுதாகக் கேட்டு முடித்தார்.

"நிச்சயமாத் தெரியலை, அப்படித்தானே?"

"ஆமா. அதான் சொல்லலாமா வேண்டாமான்னு..."

"நான் வண்டியைப் பின்னால எடுக்கும்போது எதிலயோ இடிச்ச மாதிரி இருந்துச்சுன்னா, இடிச்சுதா இல்லையான்னு சீட்டுல உக்காந்து யோசிக்க மாட்டேன். இறங்கிப் பாப்பேன்."

"வேலை போயிரும்ங்க."

"போகட்டும். இறங்கிப் பாரு."

மணி இரண்டேகால். சர்ஜன் ஆப்பரேஷன் அறையில் இருந்தார், நாலு மணிக்குத்தான் வெளியே வருவார். பேராசிரியை மேல்மாடியில் கூட்டத்தில். கூட்ட அறைக் கதவைத் தட்டி ஒருவரை வெளியே கூப்பிடும் தைரியம் அவளுக்கு எக்ஸ்ரே காலத்திலிருந்தே இருந்ததில்லை. அன்றைக்குத் தட்டினாள். உள்ளே பத்து முகங்கள் திரும்பின. "மேடம், ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றாள். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

படிக்கட்டு ஓரத்தில் நின்று சொன்னாள். முடிந்ததும் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலையிலயே 'சரி' போட்டுடறது... எத்தனை வருஷமா?"

"வந்ததுலேருந்து மேடம்."

"எத்தனை பேர்?"

"எட்டாயிரத்துச் சொச்சம் இருக்கும்."

பேராசிரியை சுவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த அம்மா மெல்லிய குரலில், "அதை அப்புறம் பேசுவோம். முதல்ல அவரைக் கீழ கொண்டு வாங்க. மறுபடி எடுப்போம். ஆனா அவர்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். நாளைக்கு ஆப்பரேஷன், பயந்துடுவார். மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

நாலரை மணிக்கு ஏலக்காரரை வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் அவருக்கு மொட்டை அடித்திருந்தார்கள். வார்டில் தலைமுடியை ஏலம் விட்டுப் பார்த்ததாகவும், கேட்பாரில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையில் படுக்கவைத்தாள். வலது நெற்றிப்பொட்டின் கட்டு சிறிதாகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, காதுக்கு முன்னால் இடம் பார்த்து, மாத்திரையை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"தங்கச்சி, அன்னிக்கு இந்தப் பக்கம்ல ஒட்டினீங்க?" அவர் இடது கையைத் தூக்கி இடது பொட்டைத் தொட்டார். "கட்டு மேல வலிக்கும்னு சொன்னேன், சரின்னு இங்க ஒட்டினீங்களே. இப்ப ஏன் பக்கம் மாத்துறீங்க?"

ஆக, ஒட்டியது இடதுதான். சந்தேகமே இல்லை. அந்த மனிதருக்குத் தெரிந்திருந்திருக்கிறது. யாராவது அவரையே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"முடிச்சுட்டுச் சொல்றேங்க. இப்ப அசையாம இருங்க."

"மெஷினுக்கு என்ன கோளாறு?"

"சொல்றேன்னு சொன்னேன்ல. கண்ணைத் திறந்து படத்தைப் பாருங்க."

இந்தத் தடவை அவர் பந்தை அமுக்கவே இல்லை. திரையில் அவர் முன்னால் நாற்காலி, மீன், ஏணி, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாகப் போனது. நடுநடுவே ஒன்றும் இல்லாத வெள்ளைத் திரை. படக்காரி இவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டரிலேயே கரடுமுரடான ஒரு படம் வர ஆரம்பித்தது. முத்து வலப்பக்கம். சிவப்புத் திட்டு இடப்பக்கம். மீனுக்கும் ஏணிக்கும் பேர் தேடிய அத்தனை நேரமும் அந்த இடப்பக்கத் திட்டுத்தான் ஏறி ஏறி இறங்கியது. நாளைக்குக் காலை எட்டு மணிக்குத் தாராளமாக வெட்டி எடுக்க இருந்த அதே இடம்.

படக்காரி சத்தமில்லாமல் அழுதாள். பேராசிரியை சர்ஜனுக்குப் போன் செய்ய மேலே போனார். இவள் எழுந்து உள்ளே போனாள்.

பலகையை வெளியே இழுத்து, தலைக்கூண்டை எடுத்து, மாத்திரையைப் பிய்த்தாள். அவர் எழுந்து கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். காதடைப்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்றார்.

சொல்ல வேண்டாம் என்று மேடம் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் கண்ணெதிரே உட்கார்ந்து கேட்கிற மனிதரிடம் மெஷின் மேல் பழியைப் போட வாய் வரவில்லை. மெஷின் பாவம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சொன்னாள். காலையில் போடும் 'சரி'யிலிருந்து சிவப்புத் திட்டு வரைக்கும் சொன்னாள்.

அவர் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது.

"சந்தையில நான் எடையைத் தப்பாச் சொன்னா, சரக்கு முன்னாலயே கிடக்கும். நாலு பேரு கையைப் பிடிச்சு நிறுத்திடுவாங்க. இங்க சரக்கு என் தலைக்குள்ள இருக்கு. எவன் பாத்தான், எவன் பிடிப்பான்?"

"தப்புதாங்க. என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கவும் எனக்கு..."

"இருங்க. நாளைக்கு நான் கண்ணு முழிச்சுப் பேச்சு வரலேன்னா, ஏன்டா வரலேன்னு கேக்கறதுக்கும் எனக்கு வாய் இருந்திருக்காதே. விதின்னு விட்டிருப்பாங்க. என் பொண்டாட்டி கோயில் குளம்னு அலைஞ்சிருப்பா. நீங்க பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு மாத்திரை ஒட்டிட்டு இருந்திருப்பீங்க."

அவள் தலை குனிந்துகொண்டாள். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

"எனக்கு முன்னால இந்தப் பலகையில படுத்தவங்கள்ல எத்தனை பேருக்கு இப்படி ஆச்சு?"

"தெரியாதுங்க."

"அப்போ தெரிஞ்சுக்குங்க" என்றார் ஏலக்காரர். நாற்காலியைத் தள்ள வந்த ஆளிடம், "போலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று வீட்டுக்குப் போனவள் இருந்த துணியை எல்லாம் துவைத்தாள், துவைத்த துணியையும் துவைத்தாள். வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக் கொடுத்தார். மகள் மட்டும், "அம்மா, நான் வேணா பகுதி நேரமா எங்கயாவது வேலைக்குப் போறேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆப்பரேஷன் தொடங்கியது. ஆளை விழிக்கவைத்துத்தான் செய்தார்கள். பதினொன்றரைக்கு மேலிருந்து தகவல் வந்தது. மேஜையில் தலை திறந்த நிலையில் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பேர் கேட்டபோது, "கத்தரிக்கோல், நல்ல எஃகு, ஆரம்ப விலை யாரு கேக்கறது?" என்று ஏலம் போட்டாராம். ஒரு இடத்தில் கருவி பட்டதும் 'ஏணி' என்று சொல்ல வராமல் திக்கினாராம். சர்ஜன் அங்கேயே நிறுத்திக்கொண்டாராம். வலிப்பு முழுசாகப் போகாது, பாதி குறையலாம். பேச்சு இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். அசையாதக்கா மட்டும் படக்காரியின் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ இதுக்கு முன்னால திருப்பினது எத்தனை?"

படக்காரி எல்லாவற்றையும் குறித்து வைப்பவள். முந்தின நாளே தேடி எடுத்திருந்தாள். "நாலுக்கா. ஆறு வருஷத்துல நாலு. உண்மையிலயே ஃபைல்தான் திரும்புச்சா, இல்லை..." அந்த நாலு பேருக்கும் எந்தப் பக்கம் ஒட்டினாள் என்று இவளுக்குத் துளியும் நினைவில்லை. படிவங்களை எடுத்துப் பார்த்தார்கள். நாலிலும் அழகான கையெழுத்தில் 'சரி'.

நாலில் இரண்டு பேர் ஆராய்ச்சிக்காக வந்த நல்ல உடம்புக்காரர்கள்; அவர்கள் தலையில் யாரும் கை வைக்கவில்லை. மற்ற இரண்டு பேர் ஆப்பரேஷனுக்கு முன்னால் வந்தவர்கள். ஒருவர் நாலு வருஷத்துக்கு முன்னால், இன்னொருவர் போன வருஷம். ஆப்பரேஷன் முடிந்தவர்கள் வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள். என்ன ஆனார்கள் என்று அடித்தளத்துக்குச் செய்தி வருவதே இல்லை. பேராசிரியை வந்து பட்டியலைப் பார்த்தார். அவளுடைய வேலை விஷயமாக அடுத்த வாரம் குழு கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது, "போன் பண்ணி மறுபரிசோதனைக்கு வரச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேசாதீங்க. என்ன ஏதுன்னு தெரியாம நாம எதையும் ஒத்துக்க முடியாது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல; அவருக்கும் முந்தின ராத்திரி தூக்கம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதல் எண்ணை நின்றுகொண்டே அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். விவரம் சொன்னதும், "இருங்க, அவரையே கூப்பிடறேன்" என்றாள். போனைக் கை மாற்றும் சத்தம் கேட்டது. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ, யாரு? என்ன பரிசோதனை? நாலு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு லீவு கிடைக்காது, சொல்லிட்டேன்!"

"நீங்க திட்டுங்க சார், பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் அந்த மனிதர் குழம்பிப்போனார். படக்காரி பக்கத்தில் அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டாவது எண்ணுக்கு மணி ரொம்ப நேரம் அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ" என்றாள்.

பதில் இல்லை. ஆள் இருப்பது தெரிந்தது, மூச்சுக் கேட்டது.

"ஹலோ, ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேங்க. கேக்குதுங்களா?"

"ஆ" என்றது ஒரு ஆண் குரல். மறுபடி, "ஆ... ஆ..." என்றது. எங்கோ செருப்புச் சத்தம் விரைந்து வந்தது. ஒரு பெண் போனை வாங்கினாள்.

"யாருங்க? அவர்கிட்ட பேச முடியாதுங்க. ஆப்பரேஷனுக்கு அப்புறம் அவருக்குப் பேச்சு போயிடுச்சு. மணி அடிச்சா மட்டும் பழக்கத்துல எடுத்துடுவாரு. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."

பேராசிரியை எதிரே நின்றுகொண்டிருந்தார். தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. சொல்லச் சொன்னது என்னவோ ஒரு வரிதான்: மறுபரிசோதனைக்கு வாங்க.

"நான்தாங்க அவருக்கு அன்னிக்குப் படம் எடுத்தவ" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் நேரமாகும். நீங்க உக்காந்துக்குங்க."